மறு: ‘வேகக்குறைப்பு’ – ஒரு சொல்லா, இரண்டு சொற்களா?

நண்பர்களுக்கு வணக்கம். கணினியின் மூளையான நுண்செயலியின் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற இழைக்கு என் பதில் இது.

> ‘வேகக்குறைப்பு’ என்றே வைத்துவிடலாம். எளிய சொல், எல்லோருக்கும் புரியும்.

எளிமை சரிதான். ஆனால் பழைய மடிக்கணினியில் மின்சேமிப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தால், இந்தச் சொல் ஆளைக் குழப்பிவிடும். போன வாரம் எனக்கு அதுதான் நடந்தது. லினக்ஸில் சிக்கன நிலையை வைத்ததும் நுண்செயலியின் வேகம் பாதியாக இறங்கியதாகக் காட்டியது. வேகம் குறைந்துவிட்டது, மின்சாரம் மிச்சம் என்று நம்பினேன். பேட்டரியோ எப்போதும்போலத் தீர்ந்தது.

காரணம், இங்கே இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்றில் வேகத்தோடு மின்னழுத்தமும் இறங்கும். பழைய மடிக்கணினிகளில் இருந்த பென்டியம் எம் என்ற நுண்செயலி 1.6 கிகாஹெர்ட்ஸில் 1.484 வோல்ட் கேட்கும், 600 மெகாஹெர்ட்ஸில் 0.956 வோல்ட் போதும். ஓடும்போது செலவாகும் மின்திறன் வேகத்தையும் அழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது என்பதால், அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். இன்னொன்றில் அழுத்தம் அப்படியே இருக்கும், கடிகாரத் துடிப்புகளில் சிலவற்றை மட்டும் விட்டுவிடுவார்கள். இது சூட்டைத் தணிக்க வந்த ஏற்பாடு. அதே வேலை இழுத்துக்கொண்டு நடக்குமே தவிர, மிச்சம் பெரிதாக வராது. ஏனென்றால் வேலை இல்லாத நேரத்தில் நுண்செயலி எப்படியும் உறங்கத்தான் போகிறது.

எந்த வகை நடக்கிறது என்பதற்கு, லினக்ஸில் வேகத்தை மாற்றும் ‘டிரைவர்’ மென்பொருளின் பெயரைப் பார்த்தால் விடை தெரியும். ஏசிபிஐ-சிபியூஃப்ரீக் என்றால் பெரும்பாலும் முதல் வகை. பி4-கிளாக்மாட் என்றால் இரண்டாவது. நான் எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்தேன்.

ஆகவே என் முன்மொழிவு: வேகமும் அழுத்தமும் சேர்ந்த ஒவ்வொரு நிலையும் ‘வேகப்படி’, அவற்றுக்கிடையே ஏறி இறங்குவது ‘வேகப்படி மாற்றம்’. மற்றது ‘துடிப்புத் தவிர்ப்பு’. பயணப்படி, பஞ்சப்படி நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். மாடிப்படியும் நம் நாவில் இருக்கிறதே, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அதிர்வெண் என்று எழுதுவோரும் மீடிறன் என்று எழுதும் இலங்கை நண்பர்களும் ‘வேகம்’ என்ற சொல்லில் ஒன்றாக நிற்கலாம் என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

> அப்போ கவர்னர்? மொழிபெயர்ப்புக் கருவி ‘ஆளுநர்’ என்கிறது.

வேண்டவே வேண்டாம். லினக்ஸில் நுண்செயலி எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று முடிவு செய்யும் பகுதிக்குப் பெயர்தான் கவர்னர். அது நீராவி இயந்திரக் காலத்துச் சொல், அரசுப் பதவி அல்ல. ‘சீராக்கி’யும் பொருந்தாது. சீராக்கி ஒரே அளவில் நிறுத்திவைக்கும். இதுவோ சுமையைப் பார்த்து எந்தப் படி என்று முடிவு செய்கிறது. கணினி, இயக்கி வரிசையில் ‘வேகத்தேர்வி’ என்கலாமா?

அப்புறம் ஒன்று. ‘செயலி’ இப்போது கைபேசி ஆப்புக்கு நிலைத்துவிட்டதால் இந்த இழையில் நுண்செயலி என்றே எழுதுவோம்.

மாற்றுச் சொல் இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். திங்களன்று சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்.