‘டோ’வுக்குத் தமிழில் என்ன? முன்குவிவு, முன்விரிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் வீல் அலைன்மென்ட்டை வீட்டிலேயே சரிபார்ப்பது பற்றிய கட்டுரைக்குச் சொற்கள் கேட்டிருந்தீர்கள். தலைப்புக்குக் ‘கோட்டம் எடுத்தல்’ வேண்டாம். சைக்கிள் கடையில் கம்பிகளை முறுக்கி ரிம்மின் வளைவை எடுப்பதற்கு அது ஏற்கெனவே வழங்குகிறது. இங்கே சக்கரம் வளையவில்லை. நிற்கும் திசைதான் பிசகியிருக்கிறது. ‘சக்கரச் சமன்பாடு’ அதைவிட மோசம். சமன்பாடு கணக்குப் பாடத்துக்குப் போய்விட்ட சொல். ஈயத்துண்டு ஒட்டும் பாலன்சிங் வேலையையும் நினைவூட்டும். ‘சக்கர நேரமைப்பு’ போதும்.

சிக்கல் ‘டோ’வில்தான் (toe, கால்விரல்): மேலிருந்து பார்க்கையில் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. ‘விரல் உள்நோக்கல்’ என்ற முன்மொழிவு, ஆங்கிலச் சொல் தெரிந்தவருக்கு மட்டுமே புரியும். வேலை செய்பவர் என்ன அளக்கிறார் என்று பாருங்கள். சமதளத்தில் காரை நிறுத்தி, டயர்க் காற்றைச் சரிபார்த்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, காரின் இரு பக்கமும் நூல் கட்டுகிறார். முன்சக்கர இடைவெளியும் பின்சக்கர இடைவெளியும் பல கார்களில் ஒன்றாக இராது. அதனால் நூலை டயரோடு ஒட்டிக் கட்டக் கூடாது. இரு நூல்களும் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். பிறகு நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்பு எவ்வளவு தூரம், பின்விளிம்பு எவ்வளவு தூரம் என்று அளக்கிறார். முன்விளிம்பு அதிகம் தள்ளியிருந்தால் சக்கரம் உள்ளே திரும்பியிருக்கிறது. இரு சக்கரங்களின் கோடுகளையும் நீட்டினால் முன்னே எங்கோ கூடும். எனவே ‘முன்குவிவு’, எதிரானது ‘முன்விரிவு’. பள்ளியில் குவியம் படித்தவருக்கு விளக்கமே தேவைப்படாது.

*

ஐயா, முன்குவிவு எனக்கு உடன்பாடு. ஆனால் இரண்டுக்கும் பொதுப்பெயர் வேண்டுமே? அலைன்மென்ட் கடையில் தரும் தாளில் எண்கள் பெரும்பாலும் பாகையில் இருக்கும். நூல் கட்டியவர் கையில் இருப்பதோ மில்லிமீட்டர். 14 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வேறுபாடு ஏறக்குறைய 0.16 பாகை. பாகைக்கும் மில்லிமீட்டருக்கும் ஒரே பெயரை வைத்தால் யாராவது டை ராடை, அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டை, முழுச் சுற்று திருப்பிவிடுவார்.

நேரமைப்பின் மற்ற இரு கோணங்களான கேம்பர், காஸ்டர் இரண்டையும் வெறும் ‘சாய்வு’ என்று சொற்பட்டியலில் போட்டிருப்பதும் சரியில்லை.

*

நல்ல கேள்வி. பாகைக்குக் ‘குவிகோணம்’, மில்லிமீட்டருக்குக் ‘குவிவளவு’ என்று பிரிக்கலாம். விரிவுக்குக் கழித்தல் குறி.

முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளே சாய்ந்தால் உட்சாய்வு, வெளியே சாய்ந்தால் வெளிச்சாய்வு, கேம்பர் முடிந்தது. காஸ்டர், சக்கரம் திரும்பும் அச்சு பக்கவாட்டுப் பார்வையில் முன்பின்னாகச் சாய்ந்திருப்பது. ‘திருப்பச்சுச் சாய்வு’ எனலாம். பல சிறிய கார்களில் அதை மாற்ற வழியே கிடையாது என்பதால், கட்டுரையில் ஒரு வரி போதும்.

‘டை ராட்’ என்ற சொல்லை மட்டும் மாற்றாதீர்கள். ‘இணைதண்டு’ என்று கேட்டால் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்காது. அதைவிட முக்கியம், டை ராடை இரு பக்கமும் ஒரே அளவு திருப்பாவிட்டால் கார் நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும் என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.