சின்ன அறக்கட்டளை நடத்துறவுக, நீங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைக் கொஞ்சம் சொல்லுங்க

எங்க அப்பத்தா பேர்ல காரைக்குடில ஒரு சின்ன ட்ரஸ்ட் இருக்கு, காலேஜ் புள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுறதுதான் வேலை. 22 வருஷமா எல்லாமே பெரியப்பச்சிதான், அதாவது எங்க பெரியப்பா. யாருக்கு எவ்வளவு, எந்த நன்கொடை எங்கருந்து வந்துச்சு, எல்லாம் அவுக மனசுலயே இருக்கும், ஒரு பைசா தப்பு வந்தது கிடையாது, அதனாலேயே நாங்க ஆறு பேரும் மீட்டிங்ல காப்பியைக் குடிச்சிட்டு கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவோம். 2023 மே மாசம் அவுகளுக்கு ஸ்ட்ரோக் வந்துருச்சு. மே 31க்குள்ள வருமானவரிக்கு யார் யார் நன்கொடை குடுத்தாகன்னு 10பிடி ஃபார்ம் போட வேண்டியிருந்துச்சு, அது போட்டாத்தான் பணம் குடுத்தவுகளுக்கு 80ஜி வரி விலக்கு, தாமதமானா நாளுக்கு 200 ரூபா. பாஸ்வேர்ட் அவுகளுக்குத்தான் தெரியும், ஓடிபி வர்றதும் அவுக போனுக்குத்தான், போன் லாக் ஆகிக் கெடக்கு, அவுக ஐசியூல. 47 நாள் ஆச்சு, 9,400 ரூபா. ஒரு புள்ளையோட செமஸ்டர் ஃபீஸே போயிருச்சுன்னு ரொம்ப வருத்தமாயிருச்சு.

பொறுப்பு எங்கிட்ட வந்ததும் மொத தடவையா புள்ளைக வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். சாக்கோட்டைப் பக்கம் ஒரு அம்மா, "நீங்க ஆகஸ்ட்ல குடுக்குறீக, காலேஜ்ல ஜூன்லயே கேக்குறாக, காதுத் தோட்டை அடகு வெச்சுக் கட்டிட்டு உங்க பணத்துல மீட்டுக்குவோம், வட்டி மட்டும் எங்க கைக்காசு"ன்னு சொன்னாக. வெளியூர் சொந்தக்காரவுக ஊருக்கு வர்றப்ப மேடை போட்டு செக் குடுக்கணும்னு நாங்க வெச்ச தேதி அது. இத்தனை வருஷம் ஒருத்தரும் கேக்கல, நாங்களும் போய் விசாரிக்கல.

அப்புறம் பெட்டகத்துல எங்க குடும்பம் மலேயாவுல நடத்துன பழைய பினாங்கு வட்டிக்கடைக் கணக்கைப் பார்த்தேன். கடையை நடத்த மேலாளாப் போறவுகளுக்கு தவணை மூணு வருஷம், முடிஞ்சதும் ஐந்தொகை (மொத்த வரவு செலவு, இருப்புக் கணக்கு) எடுத்து அடுத்து வர்றவுககிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் ஊர் திரும்புவாக. எடுபிடி வேலைக்கு பெட்டியடிப் பையனா நுழைஞ்சவன், மேலாளுக்கு அடுத்த இடத்துல அடுத்தாளா இருந்து தொழில் கத்துக்கிட்டுத்தான் மேலாள் ஆவான். வட்டிக்கடைக்கு இவ்வளவு ஒழுங்கு வெச்ச குடும்பம், தர்மக் கணக்கை மட்டும் ஒரே ஆள் தலையில கட்டி விட்டுருக்கோம். இப்ப தலைவர், பொருளாளர் ரெண்டுக்கும் மூணு வருஷம்னு தீர்மானம் போட்டாச்சு, கடைசி வருஷம் முழுக்க ஒரு அடுத்தாள் கூடவே உக்காரணும்.

தேவகோட்டையிலருந்து ஒரு ஆச்சியோட பதில்: தம்பி, எங்க கதை ஊரணி. பங்காளிக எல்லாம் சேர்ந்து தூர்வாரி, படிக்கட்டு கட்டி, கல்வெட்டும் வெச்சோம். மழை நல்லாப் பேஞ்சும் தண்ணி முழங்கால் அளவுதான். ஆடு மேய்க்கிற பெரியவர்தான், "தண்ணி வர்ற வரத்துக்கால் அடைபட்டு ரொம்ப நாளாச்சே ஆச்சி, அதை விட்டுட்டு குழியைத் தோண்டி என்ன செய்ய?"ன்னாரு. மொதல்லயே அவரைக் கேட்டிருக்கணும், எங்க கமிட்டில ரெண்டு இன்ஜினியர் இருக்காகன்னு நம்பிட்டோம். இப்ப எந்த வேலைன்னாலும் அந்தத் தெருக்காரவுக ரெண்டு பேர் கமிட்டில உக்காந்தாத்தான் பேச்சே ஆரம்பிக்குறோம்.

புதுவயல்லருந்து ஒரு தம்பியோட பதில்: அண்ணே, நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கே. வள்ளல் அழகப்பர் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தாரு, 1953ல திறந்துச்சு, ஆனா ஆராய்ச்சியை நடத்துற பொறுப்பு மத்திய அரசோட ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர்கிட்டதான். 1957ல அவர் போயிட்டாரு, நிலையம் இன்னைக்கும் நடக்குது. எங்க ட்ரஸ்ட்ல ஒரு சைக்கிள் வாங்கிக் குடுக்கவே தலைவர் நேர்ல வந்தாகணும்னு இன்னமும் அடம்பிடிக்கிறாக, எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறதுன்னே தெரியல.

மறுபடியும் நான்: ஆச்சி, அந்தப் பெரியவர் விஷயத்தை நாளைக்கு மீட்டிங்ல அப்படியே சொல்லப்போறேன். தம்பி, உங்க தலைவரை ஒரு தடவை புள்ளைக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, எங்களுக்கு அங்கதான் கண்ணு திறந்துச்சு. பெரியப்பச்சிக்கு இப்ப பேச்சு ஓரளவு வந்துருச்சு, வாராவாரம் பக்கத்துல உக்காந்து அவுக சொல்லச் சொல்ல நோட்ல எழுதிக்கிட்டு இருக்கேன், 2009 வரைக்கும் வந்தாச்சு.