மறு: ‘ஸ்டேண்ட் யுவர் கிரவுண்ட்’ சட்டம் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். தாக்கப்படுபவர் தப்பி நகர வழி இருந்தாலும் நகராமல் திருப்பித் தாக்கலாம் என்கிற அமெரிக்க மாநிலச் சட்டங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சைத் தொடர்கிறேன்.

> ‘புறங்கொடாச் சட்டம்’ எப்படி? சுருக்கமாகவும் இருக்கிறது, நம் மரபும் இருக்கிறது.

அழகான சொல்தான் நண்பரே. அந்த அழகுதான் எனக்கு இடறுகிறது. போரில் புறங்கொடாதவன் வீரன், கொடுத்தவன் கோழை. இந்தப் பெயரைப் படிப்பவர் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளும் முன்பே சுட்டவர் பக்கம் போய் நின்றுவிடுவார். ஆங்கிலப் பெயரிலும் இதே கோளாறு உண்டு. அது ஆதரவாளர்களுக்கு வாய்த்த முழக்கம். எதிர்ப்பவர்கள் ‘முதலில் சுடு’ சட்டம் என்கிறார்கள், அதுவும் முழக்கம்தான். இரண்டில் எதைத் தமிழாக்கினாலும் அமெரிக்கச் சண்டையில் நாமும் ஒரு கட்சியில் சேர்ந்தவர்களாகிவிடுவோம்.

சட்டம் செய்வது என்ன? பழைய ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில், தாக்க வருபவனிடமிருந்து பத்திரமாக நகர வழி இருந்தால் நகர்ந்துவிட வேண்டும். வழி இல்லாதபோதுதான் உயிர்போகும் அளவுக்குத் திருப்பித் தாக்கலாம். சொந்த வீட்டுக்குள் இந்த நிபந்தனை கிடையாது. நியூயார்க் மாநிலத்தில் இன்றும் ஏறக்குறைய இதுதான் நிலை. புளோரிடா 2005இல் இயற்றிய சட்டம், ஒருவர் இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும் நகரத் தேவையில்லை என்றது. இப்போது பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருக்கிறது. மரணமோ கொடுங்காயமோ உடனே நேரும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அப்படியே நிற்கிறது. ஆக, சட்டத்தின் மையமான வேலை ஒரு கடமையை எடுத்துவிடுவதுதான்.

அப்படியானால் முதலில் பெயர் வேண்டியது அந்தக் கடமைக்கு. ‘பின்வாங்கும் கடமை’ என்று எழுதுகிறார்கள். பின்வாங்கல் படைக்கும் வாக்குறுதிக்கும் உரிய சொல், இரண்டிலும் கொஞ்சம் இழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘துஷ்டனைக் கண்டால் தூர விலகு’ என்பதில் இழுக்கே இல்லை, புத்திசாலித்தனம்தான் தெரிகிறது. சட்டம் கேட்டதும் அதையேதான். எனவே ‘விலகல் கடமை’. அதை எடுத்துவிடுவது ‘விலகல் கடமை நீக்கம்’.

1921இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கைப் பாருங்கள். டெக்சாசில் ஒரு வேலையிடத்தில் ஒருவன் கத்தியோடு பாய்கிறான். பிரவுன் இருபது, இருபத்தைந்து அடி தள்ளிப்போகிறார். எங்கே? கைத்துப்பாக்கி வைத்திருந்த தன் மேலங்கி கிடந்த இடத்துக்கு. எடுத்துச் சுட்டுவிடுகிறார். அவருக்கு விதித்த தண்டனையை ரத்துசெய்த நீதிபதி ஹோம்ஸ், ஓங்கிய கத்திக்கு முன்னால் நிற்பவனிடம் நிதானமாக யோசித்துப் பார்க்கச் சொல்ல முடியாது என்று எழுதினார். அந்த இருபது அடியை ‘பின்வாங்கினார்’ என்று சொல்லிவிடலாம். ‘விலகினார்’ என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் போனது துப்பாக்கியை நோக்கி. இந்த வேறுபாட்டைக் காட்டுவதாலேயே எனக்கு விலகல் பிடித்திருக்கிறது.

வீட்டுக்குள் கிடைக்கும் விலக்குக்கு வருவோம். ஆங்கிலத்தில் அது ‘கேசில் டாக்ட்ரின்’. ‘கோட்டைக் கோட்பாடு’ வேண்டாம், அகழியும் மதிலும்தான் கண்ணில் வரும். இரண்டு அறை வாடகை வீட்டுக்கும் இது பொருந்துமே. ‘மனையரண்’ போதும். நொச்சித் திணையை இழுத்து வந்தவரின் மடலை ரசித்தேன். ஆனால் மதிலை முற்றுகையிட்ட படையை எதிர்ப்பதல்லவா நொச்சி? நள்ளிரவில் சன்னலை உடைப்பவனுக்கு அவ்வளவு மரியாதை எதற்கு?

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். அமெரிக்க அரசியலமைப்பில் 1791இல் ஏற்ற இரண்டாம் திருத்தம், வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற 2008 ஹெல்லர் தீர்ப்பு, வெளியிலும் கொண்டுபோகலாம் என்ற 2022 புரூவன் தீர்ப்பு: இவை ஆயுதம் வைத்திருப்பது பற்றியவை. விலகல் கடமை, வைத்திருப்பதை எப்போது பயன்படுத்தலாம் என்ற குற்றவியல் கேள்வி. நம் செய்திகளில் இரண்டுமே ‘தற்காப்பு உரிமை’ ஆகிவிடுகிறது. முன்னதற்கு ‘ஏந்துரிமை’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோம்.

போகிற போக்கில் ஒன்று: ‘செமி ஆட்டோமேட்டிக்’ துப்பாக்கிக்கு வழங்கும் ‘அரைத் தானியங்கி’யையும் தூக்கிவிடலாம். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றுவது மட்டும் தானாக நடக்கும். ‘தன்னேற்றுத் துப்பாக்கி’ என்றால் விளங்கிவிடும். வீண் நுணுக்கம் என்று நினைக்காதீர்கள். விசையின் ஒற்றை இயக்கம் என்ற சட்டச் சொற்றொடருக்கு என்ன பொருள் என்பதை வைத்துத்தான், பம்ப் ஸ்டாக் (துப்பாக்கியின் பின்னுதைப்பைக் கொண்டே அடுத்தடுத்து வேகமாகச் சுட வைக்கும் துணைக்கருவி) பொருத்திய துப்பாக்கி இயந்திரத் துப்பாக்கி ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

--

> ‘விலகல் கடமை நீக்கச் சட்டம்’. ஐயா, தலைப்பில் இதை எங்கே அடக்குவது? நான் நாளிதழில் இருப்பவள். நீங்கள் தருவது சொல் இல்லை, விளக்கவுரை. மேலும் ‘நீக்கம்’ என்றாலே ஏதோ பறிபோனது போல இருக்கிறது. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு நீங்களும் ஒரு பக்கம் சாய்கிறீர்கள்.

நீளம் பற்றிய குறையை ஏற்கிறேன் அம்மா. சாய்வு பற்றியதையும் பாதி ஏற்கிறேன். பறிபோனது கடமைதான், உரிமை அல்ல. ஆனால் தலைப்பை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது என்பது சரி. ‘விலகாத் தற்காப்பு’ என்றால்? விலகாதவனைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை, தலைப்பிலும் அடங்கும்.

> அடங்கும். ‘விலகாத் தற்காப்புச் சட்டம்’ என்று அடுத்த செய்தியிலேயே போட்டுப் பார்க்கிறேன். ஆசிரியர் வெட்டினால் சொல்கிறேன்.

அப்படியே ‘மனையரண்’ஐயும் ஒருமுறை நுழைத்துவிடுங்கள். ‘தன்னேற்று’ பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே, இயந்திரவியல் படித்தவர்கள் குழுவில் இருக்கிறீர்களா?