பிடி மாற்றிக் கட்டிய அனுபவம்: ஜப்பானிய வாளும் 5 மீட்டர் நாடாவும்

நகோயாவுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. உறையிலிருந்து வாளை உருவி வீசும் ஜப்பானியக் கலையான இயாய்டோ பழகுவது நான்கு வருடமாக. என்னிடம் இருப்பது கூர் தீட்டாத பயிற்சி வாள்தான், துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்தது. போன வருடம் மழைக்காலத்தில் அதன் கைப்பிடியில் சுற்றியிருந்த நாடா ஆட ஆரம்பித்தது. இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கினால் மேலே தெரியும் சாய்சதுரங்கள் இடம் மாறின. ஆசிரியரிடம் காட்டினேன். அன்று என்னை வாளை உருவவே விடவில்லை.

பிடிக்குள் இருப்பது ஹோ என்ற மரத்தின் இரண்டு பாதிகள், பசை போட்டு ஒட்டியவை. அதன் மேல் திருக்கை மீனின் தோல், அதற்கும் மேல் நாடா. பிடிக்குள் நுழைந்திருக்கும் வாளின் அடிப்பகுதியான அடித்தண்டு பிடியிலிருந்து கழன்று வராமல் தடுப்பது மெகுகி என்ற மூங்கில் ஆணி. சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. நாடா அழகுக்குச் சுற்றியது என்றே அதுவரை நினைத்திருந்தேன். மரம் வாய் பிளக்காமல் இறுக்கிக் கட்டி வைத்திருப்பதே அதுதான் என்று அன்றுதான் புரிந்தது.

சரி, நாமே கட்டிவிடலாம் என்று 8 மில்லிமீட்டர் அகலப் பருத்தி நாடா 5 மீட்டர் வாங்கினேன். பழையதைப் பிரித்தபோது உள்ளிருந்து பழுப்பேறிய காகிதத் துண்டுகள் உதிர்ந்தன. குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து சுற்றி முடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கட்டை விரலால் அழுத்தினால் ஒவ்வொரு குறுக்கும் தட்டையாகப் படிந்தது. அலகுக்கும் பிடிக்கும் நடுவில் இருக்கும் கைக்காப்புத் தகட்டின் பக்கம் பெரிதாகத் தொடங்கிய சாய்சதுரங்கள் அடிமுனைக்குப் போகப்போகச் சிறுத்துவிட்டன. இரண்டு நாள் பயிற்சியிலேயே மறுபடி நகர்ந்தது.

அப்புறம்தான் செகி போனேன். கிஃபு மாகாணத்தில் 700 வருடத்துக்கும் மேலாக வாள் அடிக்கும் ஊர். அங்கே உறை செய்பவர், தீட்டுபவர், பிடி சுற்றுபவர் எல்லோரும் பொதுமக்கள் முன்னால் வேலை செய்து காட்டும் நாட்கள் உண்டு. பிடி சுற்றும் பெரியவர் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

நான் குப்பையில் போட்டதை அவர் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார். காகிதத்தைச் சின்ன முக்கோணமாக மடித்து, நாடா குறுக்கே போகும் இடத்தில் இருபுறமும் அடியில் செருகுகிறார். ஹிஷிகாமி என்று பெயர். நாடாவின் ஓரத்தைத் தூக்கி நிறுத்துவதும், சாய்சதுரம் கலையாமல் காப்பதும் அந்தக் காகிதம்தான். பிறகு ஓர் இழையை அரைத் திருப்பு திருப்பி, அடுத்ததை அதன் மேல் போட்டுத் திருப்பி, கட்டை விரலால் அழுத்திப் பிடித்தபடி இழுக்கிறார். ஒரு குறுக்கில் வலது இழை மேலே வந்தால் அடுத்ததில் இடது இழை மேலே வரவேண்டும். ஒரே இழையே எப்போதும் மேலே வந்தால் முழுச் சுற்றும் ஒரு பக்கமாக நகரும். என் கட்டு நகர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கத்தில் பசை இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெந்த சோற்றைப் பலகையில் வைத்து மூங்கில் தகட்டால் மசித்தது! சின்ன வயதில் பட்டத்தின் கிழிசலைச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டியவனுக்கு அந்த மணம் தெரியாதா? மரத்தை ஒட்டவும் இதையே பயன்படுத்துவார்களாம், பின்னால் பிரிக்க வேண்டி வந்தால் மரம் கெடாமல் பிரியும் என்பதற்காக.

திரும்பி வந்து, மூத்த மாணவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, மறுபடி தொடங்கினேன். நான்கு முறை பிரித்தோம். எனக்குச் சிவப்பு நாடா மேல் ஆசை. தேர்வுக்குப் போகும்போது கண்ணை உறுத்தும் என்றார் ஆசிரியர், அதனால் கருநீலம். மெனுக்கிக்கு மட்டும் என் விருப்பம். நாடாவுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக வைக்கும் சின்ன உலோக அணி அது. தட்டான் உருவம் எடுத்தேன். பின்னால் போகாத பூச்சி என்பதால் சாமுராய்கள் அதை வெற்றிப் பூச்சி என்று கொண்டாடினார்கள். இரண்டையும் நேர் எதிரே வைப்பதில்லை. ஒன்று கைக்காப்பை ஒட்டி, மற்றது அடிமுனையை ஒட்டி. இப்போது வாளைப் பிடித்தால் தட்டானின் இறக்கை உள்ளங்கையில் மெல்ல முட்டுகிறது.

*

நான் வேறொருவர், ஒசாகாவிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது உண்மையான பழைய வாள், பதிவுச் சான்றிதழோடு வாங்கியது. அந்தச் சான்றிதழில் இருப்பதெல்லாம் வாளின் அலகைப் பற்றித்தான்: நீளம், வளைவு, ஆணித் துளைகள், வாள் அடித்தவரின் கையொப்பம். பிடியைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அதனால் நாடாவை என் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று எண்ணி, நைந்த பட்டு நாடாவைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டேன்.

பிடியைக் கலைஞரிடம் கொண்டுபோனபோது, வெட்டிய நாடா எங்கே என்றுதான் முதலில் கேட்டார். நல்லவேளை, ஒரு பையில் இருந்தது. அகலத்தை அளந்தார், நெசவைப் பார்த்தார், பிரிப்பதற்கு முன் இரு பக்கமும் படம் எடுத்திருக்க வேண்டும் என்றார். எந்தக் குறுக்கில் எந்த இழை மேலே இருந்தது என்பதெல்லாம் அந்தப் பழைய கட்டில்தான் இருந்தது. நான் வெட்டியதில் அது போய்விட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

தோலை மாற்ற வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னார். அரிசி மணிகளைப் பரப்பி ஒட்டியதுபோல் இருக்கும் திருக்கைத் தோலின் நடுவில் சில பெரிய மணிகள் தெரியும், அதற்குத்தான் மதிப்பு. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கப்பல்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) ஜப்பானுக்கு மூட்டை மூட்டையாக இந்தத் தோலைக் கொண்டுவந்திருக்கின்றன. திருக்கை என்றால் குழம்பும், அடிக்கிற வாலும்தான் எனக்குத் தெரியும்.

அடித்தண்டைத் துடைக்கலாமா என்று கேட்டேன். கையை நீட்டித் தடுத்தார். அந்தத் துருவைப் பார்த்துத்தான் வாளின் வயதைக் கணிக்கிறார்களாம், அதைத் தேய்ப்பது வாளைக் கெடுப்பது. இப்போது அலகு வெறும் ஹோ மர உறையில் தனியே ஓய்வெடுக்கிறது. பழைய பிடியும் உறையும் கைக்காப்பும், உள்ளே ஒரு மர அலகைச் செருகி, அதே அலமாரியில் மேல் தட்டில் இருக்கின்றன. வெட்டிய நாடாவும் அதன் பக்கத்தில், அதே பையில்.