ஆண்ட்ராய்டு டோஸ்ட் மெசேஜ் படிக்கறதுக்குள்ள போயிடுது

கேள்வி: பில்லிங் ஆப் பண்ணிட்டு இருக்கேன், "உங்கள் விலைப்பட்டியல் வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது"ன்னு டோஸ்ட் (ஸ்க்ரீன்ல கொஞ்ச நேரம் வந்துட்டு தானா மறையற குட்டி மெசேஜ்) போட்டா கடைக்காரர் படிக்கறதுக்குள்ள காணாம போயிடுது. 6 செகண்ட் நிக்க வைக்க முடியுமா?

பதில் 1: டோஸ்ட்ல நம்ம இஷ்டத்துக்கு டைம் வைக்க முடியாது ப்ரோ, ஷார்ட்னா 2 செகண்ட், லாங்னா 3.5, அவ்ளோதான். ஆண்ட்ராய்டு 12 இல்லன்னா அதுக்கு மேல டார்கெட் பண்ற ஆப்னா ரெண்டு வரிக்கு மேல காட்டவும் செய்யாது. முதல்ல மெசேஜை வெட்டுங்க, "பில் சேவ் ஆச்சு" போதும். "வெற்றிகரமாக" எதுக்கு, தோத்துப்போய் யாராச்சும் சேவ் பண்ணுவாங்களா 😀

பதில் 2: ஸ்நாக்பாருக்கு (ஸ்க்ரீனோட அடியில வர்ற மெசேஜ் பட்டை) மாறுங்க, மில்லிசெகண்ட்ல டைம் குடுக்கலாம், கூடவே ஒரு பட்டனும் வைக்கலாம். பில் டெலீட் பண்ணா "அன்டூ" காட்டுங்க, ஒவ்வொரு தடவையும் "நிச்சயமா அழிக்கவா?"ன்னு கேட்டு உயிரெடுக்க வேணாம். ஆனா எரரை இதுல போடாதீங்க, நெட் இல்லாம பில் சர்வருக்கு போகலைன்னா அந்த மெசேஜ் அவர் பாத்து மூடற வரைக்கும் ஸ்க்ரீன்லயே நிக்கணும்.

கேட்டவர்: சூப்பர்ங்க. வெப் வெர்ஷனும் இருக்கு, அதுல?

பதில் 2: பேஜ் லோட் ஆகும்போதே ரோல் ஸ்டேட்டஸோட (HTML-ல role="status") ஒரு காலி டிவ், அதாவது வெறும் பெட்டி, வச்சிட்டு அப்புறமா டெக்ஸ்டை உள்ள போடுங்க, கர்சர் எங்க இருந்தாலும் ஸ்க்ரீன் ரீடர் (பார்வை இல்லாதவங்களுக்கு ஸ்க்ரீனை வாசிச்சு சொல்ற சாஃப்ட்வேர்) படிச்சிடும். எரருக்கு ரோல் அலர்ட் (role="alert") வைங்க.