வயதான நாய் திடீரென்று தொடவிடாமல் போனால்: எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் லாப்ரடார் பிளாக்கிக்கு 11 வயது. குழந்தைகள் மேலே ஏறி விழுந்தாலும் அசையாத ரகம். அது திடீரென்று முதுகைத் தடவப் போன கையைப் பார்த்து உறும ஆரம்பித்தது. "வயசாச்சு, சிடுசிடுப்பு வரத்தான் செய்யும்" என்றார் கணவர். எனக்கு ஒப்பவில்லை. வயதின் சிடுசிடுப்பு என்றால் எங்கே தொட்டாலும் வரவேண்டாமா? தலையைக் கோதினால் கண் சொக்கிப் படுத்திருக்கிறதே! விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தை நெருங்கினால் மட்டும், கை படுவதற்கு முன்பே தோல் துடிக்கும், காது பின்னால் மடங்கும். உதட்டை நக்கிக்கொண்டு, தலையைத் திருப்பாமல், வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் கையையே பார்க்கும். உறுமல் கடைசியில்தான்.

படுக்கையிலிருந்து முன்கால்களை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு எழுவதை வீடியோ எடுத்துப் போனேன். மருத்துவமனைப் பதற்றத்தில் பல நாய்கள் வலியைக் காட்டுவதில்லை. டாக்டர் முதுகெலும்பை ஒட்டி விரலால் அழுத்திக்கொண்டே வந்தார், இடுப்பில் தசை இறுகியது. எக்ஸ்ரேயில் எலும்பு முளைகள் தெரிந்தன. வலியே இல்லாத கிழட்டு நாய்களுக்கும் அவை இருக்குமாம், அதனால் படத்தைவிட விரலைத்தான் நம்புவேன் என்றார். (அவரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.) ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகு வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, நரம்பு வலிக்கு கபாபென்டின். முதலில் தூங்கி வழிந்தது, அப்புறம் தெளிந்துவிட்டது. வழுக்கும் தரையில் விரிப்பும் போட்டோம். இப்போது இடுப்பைத் தொட விடுகிறது, சீப்பை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

*

பிளாக்கி கதையைப் படித்துவிட்டு இன்னொரு வீட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் டேஷண்டுக்கு (நீள உடம்பும் குட்டைக் காலும் கொண்ட நாய்) இந்த வலி கழுத்தில். கழுத்துப் பட்டையைப் பிடித்தாலே கத்தும், தரையில் இருக்கும் தண்ணீரைக் குனிந்து குடிக்காது. தண்டுவட வட்டுப் பிதுக்கம் என்றார்கள், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது. இந்த இனத்துக்கு அது அடிக்கடி வருவது. பின்னங்கால் தள்ளாடினாலோ, இழுபட்டாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டைக்கு மாறிவிட்டோம்.

*

எங்கள் வீட்டு நாய் வேறு மாதிரி. விழித்திருக்கும்போது எங்கே வேண்டுமானாலும் தொடலாம், தூக்கத்தில் தொட்டால் வள்ளென்று பாயும். சோதித்தால் காது கேட்கவில்லை! யார் வருகிறார்கள் என்றே தெரியாமல் மேலே கை விழுந்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? இப்போது பக்கத்தில் தரையைத் தட்டிவிட்டு, அது கண் திறந்து பார்த்த பிறகுதான் தொடுகிறோம்.

*

வாயையும் பாருங்கள். எங்களுடையது இடது கன்னத்தை மட்டும் தொடவிடாது, ஒரு பக்கமாகவே மெல்லும். அப்புறம் கண்ணுக்குக் கீழே வீங்கியது. கண் நோய் என்று நினைத்தோம், பார்த்தால் மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ்.

*

பிளாக்கி வீட்டிலிருந்து மறுபடி. தனிச் செய்தியில் ஒருவர் பாராசிட்டமால் தரலாமா என்று கேட்டிருந்தார். நம் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். இன்னொருவர் உறுமினால் அதட்டலாமா என்கிறார். அதட்டினால் உறுமுவதைத்தான் நிறுத்தும், வலி அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்காமலே கடித்துவிடலாம். டாக்டரிடம் போகும்வரை அந்த இடத்தைத் தொடாமல், குழந்தைகளையும் சற்றுத் தள்ளி வையுங்கள்.