சனிக்கிழமை ராத்திரி சினிமா 🎬 (குடும்பக் குழு)

வித்யா அக்கா: இந்த வாரம் ஹாலோவீன் திகில் படம். 1978 பழசும் 2007 ரீமேக்கும். எதை முதல்ல போடலாம்?

முரளி சித்தப்பா: பழசுதான்மா. 91 நிமிஷம்தான். ரீமேக்கை முதல்ல பார்த்துட்டா கொலைகாரன் மைக்கேல் யாரு, ஏன் இப்படி ஆனான்னு எல்லாம் தெரிஞ்சிடும். அது தெரியாம இருக்கறதுலதான் பழசை இயக்கின கார்பென்டர் படத்தோட பயமே இருக்கு.

சரவணன்: ரீமேக்ல எந்தப் பதிப்பு சித்தப்பா? ரெண்டு இருக்கே.

முரளி சித்தப்பா: தியேட்டர்ல வந்தது, 109 நிமிஷம். தணிக்கைச் சான்று இல்லாத அன்ரேட்டட் பதிப்பு 121. மைக்கேல் தப்பிக்கற இடம் ரெண்டுலயும் வேற. தியேட்டர் பதிப்புல, மனநல மருத்துவமனைலேர்ந்து வேற இடத்துக்கு மாத்தும்போது காவலாளிங்களைக் கொன்னுட்டுப் போவான். இன்னொண்ணுல ரெண்டு ஊழியருங்க ஒரு நோயாளிப் பொண்ணை அவன் அறைக்கே இழுத்துட்டு வந்து பலாத்காரம் பண்ணுவானுங்க. அந்தக் காட்சியால கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. வேண்டாம்.

லதா அத்தை: சின்னப் பசங்க கூட உட்காரலாமா?

வித்யா அக்கா: வேண்டாம் அத்தை. பழசுல ரத்தம் ரொம்பக் குறைவுதான், ஆனா பயம் ஜாஸ்தி. புதுசுல ஆரம்பமே பையன் பிராணிகளைக் கொல்றதுதான்.

சரவணன்: ஆனா அந்த முதல் பாதிதான் ரீமேக் இயக்குநர் ராப் ஸோம்பி சொந்தமா செஞ்சது. மனநல மருத்துவமனைல பையன் காகிதக்கூழ்ல முகமூடி மேல முகமூடியா செஞ்சுக்கிட்டே, கொஞ்சம் கொஞ்சமா பேச்சையே நிறுத்திடறான். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரியவனா வர்ற டைலர் மேன் 6 அடி 8 அங்குலம், கதவுல வந்து நின்னாலே வாசல் அடைஞ்சிடும்.

வித்யா அக்கா: நல்லா எடுத்திருக்காங்க, ஒத்துக்கறேன். ஆனா அதுக்குக் கொடுத்த விலையையும் பாரு. பழசுல 1963 ஹாலோவீன் பண்டிகை ராத்திரி, 6 வயசுப் பையன் அக்காவைக் குத்தறான். சில நிமிஷத்துல முடிஞ்சிடும், காரணம் கிடையாது. புதுசுல 10 வயசு, மோசமான வீடு, பள்ளிக்கூடத்துல சீண்டல்னு கிட்டத்தட்ட பாதிப் படம் ஓடிடுது. அப்புறம் பழைய படம் முழுசையும் மீதிப் பாதிக்குள்ள அடைக்கணும். கதாநாயகி லாரி யாருன்னு நமக்குப் பழகறதுக்குள்ள துரத்தல் ஆரம்பிச்சிடுது. நமக்குப் பழகாத பொண்ணுக்காக நாம எப்படிப் பதறுவோம்?

முரளி சித்தப்பா: அதேதான். இன்னொண்ணு, பழசுல அவன் பகல்லயே சும்மா நிப்பான். வேலி ஓரம், துணி காயற கொடிக்கு நடுவுல. உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலமான சட்டகம், அதுல ஒரு ஓரத்துல அவன். பார்க்கறவங்க கண்ணு தானா மூலை மூலையா தேட ஆரம்பிச்சிடும். ரீமேக்ல கேமராவைக் கையில பிடிச்சு ஆட்டி, முகத்துக்கிட்ட போயிடறாங்க. தேடறதுக்கு இடமே இல்ல.

சரவணன்: பட்ஜெட்ல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பழசு சுமார் 3 லட்சம் டாலர், புதுசு 1.5 கோடி.

முரளி சித்தப்பா: பழசுல மைக்கேல் போடற முகமூடியே கடையில வாங்கின, ஸ்டார் ட்ரெக் தொடர்ல வர்ற கேப்டன் கிர்க் முகமூடி, 2 டாலர்கூட இல்ல. கண் ஓட்டையைப் பெருசாக்கி, வெள்ளை பெயின்ட் அடிச்சாங்க. உணர்ச்சியே இல்லாத முகம் கிடைச்சிடுச்சு. படம் எடுத்தது கலிபோர்னியாவுல வசந்த காலத்துல, கதையோ இல்லினாய்ஸ்ல இலையுதிர் காலம். காகித இலைக்குப் பெயின்ட் அடிச்சுத் தெருவுல கொட்டி, ஷாட் முடிஞ்சதும் கூட்டி அள்ளி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோவாங்க.

லதா அத்தை: அந்தப் பியானோ எனக்கு மறக்கவே மறக்காது. தாளம் எங்கயோ இடறுமே?

முரளி சித்தப்பா: இடறல அக்கா, அஞ்சு அடி தாளம். பாதி பாதியா பத்தா எண்ணு: தகிட தகிட தக திமி. நம்ம காது நாலை எதிர்பார்த்துக் காத்திருக்கும், அது நிக்காம ஓடும். கார்பென்டரே போட்டது. இசை இல்லாம ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினப்போ அவங்களுக்குப் பயமே வரலையாம். ரீமேக்ல டைலர் பேட்ஸ் அதே மெட்டைத்தான் எடுத்துக்கிட்டார்.

வித்யா அக்கா: டிவி செட்டிங் சொல்லுங்க சித்தப்பா. போன தடவை எல்லாமே ஒரே கருப்பா இருந்துச்சு.

முரளி சித்தப்பா: பிக்சர் மோடை சினிமா இல்ல ஃபிலிம்மேக்கர்ல வை. மோஷன் ஸ்மூத்திங், டைனமிக் கான்ட்ராஸ்ட், மின்சார சிக்கன மோடு மூணையும் அணைச்சிடு. பிளேயர்ல ஹெச்டிஎம்ஐ ரேஞ்ச் (கருப்பு-வெள்ளை எல்லை) ஃபுல், டிவில லிமிடெட்னு இருந்தா நிழல் எல்லாம் கருப்புல முங்கிடும். ரெண்டையும் லிமிடெட்ல வை. பெரும்பாலும் கோளாறு இங்கதான்.

சரவணன்: டிஸ்க்னா 2013-ல வந்த 35-ஆவது ஆண்டு புளூரே. ஒளிப்பதிவாளர் டீன் கண்டியே மேற்பார்வை பார்த்தது, ராத்திரிக் காட்சில நீலம் சரியா இருக்கும்.

முரளி சித்தப்பா: சரி பார்க்க ஒரு காட்சி சொல்றேன். லாரி பிணங்களைப் பார்த்துட்டுப் பின்வாங்கிக் கதவோரம் சாய்வா. பின்னாடி இருட்டு அறை. கண்டி ஒரு சின்ன விளக்கை டிம்மர்ல மெதுவா ஏத்தி, அந்த முகமூடியை இருட்டுலேர்ந்து வரவெச்சிருப்பார். முகம் படிப்படியா வெளுத்து வந்தா டிவி சரி. பட்டுனு முளைச்சா பிரைட்னஸை ரெண்டு புள்ளி ஏத்து. கருப்பு சாம்பலாத் தெரிஞ்சா ஒண்ணு இறக்கு.

வித்யா அக்கா: பேக்லைட்டை ஏத்தினா போதாதா?

முரளி சித்தப்பா: போதாதும்மா. அது மொத்தப் படத்தையும் பளிச்சுனு ஆக்கும், அவ்வளவுதான். முங்கின நிழல் திரும்ப வராது. அறை விளக்கையும் அணைச்சிடுங்க, திரைல பிரதிபலிச்சா அந்தக் கதவோரம் ஒண்ணுமே தெரியாது.

லதா அத்தை: சரிப்பா. பசங்க தூங்கினதும் சொல்றேன், அப்புறம் போடுங்க.